படகு வாங்குமுன் ஏரியை விசாரியுங்கள்

பாலாற்றில் வெள்ளம் வந்துவிட்டால் வேலூர், ஆம்பூர் பக்கத்தில் ஏரிப் பேச்சு தொடங்கிவிடும். 2021 நவம்பரில் அப்படித்தான் ஆனது. ஆண்டுக்கணக்கில் மணலும் முட்செடியுமாகக் கிடந்த ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. ஊர் ஏரிகள் நிறைந்து கோடி போயின. ஏரி நிறைந்தால் மீன் ஏலம் வரும். ஏலம் எடுத்தால் படகு வேண்டும். பரம்பரையாக மீன்பிடிக்கிற குடும்பங்கள் மட்டும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. டேனரியில் வேலை குறைந்தவர், ஷூ கம்பெனியிலிருந்து நின்றவர், கையில் கொஞ்சம் பணத்தோடு ஊர் திரும்பியவர் என நாலைந்து பேர் பங்கு போட்டு ஏரியில் இறங்குகிறார்கள். முதலில் அவர்கள் விலை விசாரிப்பது படகைத்தான். அந்த இடத்திலேயே கணக்கு கோணலாகத் தொடங்குகிறது.

படகு வைத்திருப்பதன் செலவைப் பற்றி அதிகம் பேசுகிறவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 'பாஸ்' என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே தனிப் படகு செய்கிறார்கள். மினுமினுக்கும் ஃபைபர் உடல், பின்னால் 200 குதிரைத்திறன் எஞ்சின், மீன் இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் கருவி என்று அதன் ஆடம்பரம் பெரியது. வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்கி வை என்பது அங்கே படகுக்காரர்களிடம் வழங்கும் பொதுக் கணக்கு. நம் கடலோரத்துக் கொடுவாயை ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்பார்கள். அது நன்னீரிலும் வளரும். விலையும் நல்ல விலை. அதைக் கேள்விப்பட்டுக் கெண்டைக் குஞ்சு விட்ட ஏரியில் கொடுவாயையும் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விடக்கூடாது. அது மற்ற மீனைத் தின்று வளரும் சாதி. நீங்கள் காசு கொடுத்து விட்ட கட்லா, ரோகு குஞ்சுகள்தான் அதற்குத் தீனி. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கதை இன்னும் மோசம். அதை வளர்ப்பதே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. யார் மலிவாகக் குஞ்சு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அந்தப் பத்தில் ஒரு பங்குக் கணக்கு நம் ஏரிக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் இங்கே படகு சின்னச் செலவு. பெரிய செலவும் பெரிய ஆபத்தும் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கின்றன. ஒன்று குத்தகைத் தாள், இன்னொன்று தண்ணீர்.

டியூப்பிலிருந்து ஃபைபர் வரை

இந்தப் பக்கத்து ஏரிகளில் பலர் இன்னமும் லாரி டியூப்பிலும் தெர்மாகோல் தெப்பத்திலும்தான் வலை விடப் போகிறார்கள். செலவு இல்லை என்பது உண்மை. ஆனால் நம் ஏரிகளின் உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம். வெட்டிய மரத்தின் கட்டை நீருக்கடியில் கூராக நிற்கும். டியூப்பில் குத்தினால் இரண்டு நிமிடத்தில் காற்று போய்விடும். போதாததற்குச் சவுடு மண் எடுத்த பள்ளங்கள். இடுப்பளவு நீர் என்று நினைத்து நடக்கிற இடத்தில் திடீரென்று இரண்டு ஆள் ஆழம் இருக்கும். நீச்சல் தெரிந்தவரும் வலையில் கால் சிக்கினால் மேலே வருவது கடினம். டியூப்பை நம்பி இரவில் போவதை விட்டுவிடுங்கள்.

பரிசல் அதைவிட மேல். மூங்கில் பிளாச்சில் பின்னி, பிளாஸ்டிக் சாக்கு ஒட்டி, தார் பூசுவார்கள். ஒரு காலத்தில் பரிசலின் அடியில் மாட்டுத் தோலைத்தான் போர்த்தினார்கள். தோலுக்குப் பேர்போன இந்த ஊர்களில் இன்று அதை நினைவு வைத்திருப்பவர் குறைவு. பரிசலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தார்ப்பூச்சு கட்டாயம். ஏரி வற்றியதும் கழுவிக் கவிழ்த்து நிழலில் வைக்க வேண்டும். ஈரத்தோடு மண்ணில் கிடந்தால் மூங்கிலைக் கரையான் அரித்துவிடும். அடுத்த மழைக்கு எடுக்கும்போது சாக்குதான் மிஞ்சும்.

ஃபைபர் படகு பார்க்க அழகு, ஆயுளும் அதிகம். அதை அழிப்பது நீர் அல்ல, வெயில். மேல்பூச்சு வெளிறி, முடி அளவு விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக நீர் உள்ளே ஊறினால் படகு கனக்கும், பிறகு அடுக்கு அடுக்காகப் பிரியும். விரிசலைக் கண்டவுடன் படகைக் கரையேற்றி, நாலைந்து நாள் முழுதாகக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைத்து ஒட்டினால் சின்னச் செலவோடு முடியும். காயாமல் ஒட்டினால் ஒட்டே வீண். இழுத்துக் கரையேற்றும்போது கல் மேல் தேய்ப்பதுதான் நம் ஊரில் ஃபைபர் படகுகளுக்கு நேரும் பெரிய சேதம். அடியில் இரண்டு தென்னை மரத்துண்டைப் போட்டு உருட்டினால் போதும். இந்த ஒரு பழக்கம் படகின் ஆயுளைக் கூட்டும்.

எஞ்சின் வேண்டுமா? பெரிய அணை நீர்த்தேக்கத்தில் கேள்விக்கு இடம் உண்டு. ஊர் ஏரிக்கு வேண்டவே வேண்டாம். கருவேலக் கட்டையும் ஆகாயத்தாமரையும் நிறைந்த நீரில் விசிறி சிக்கி நிற்கும். வலையை அறுத்துக்கொள்ளும். துடுப்பும் ஊன்றுகோலும் போதும்.

உயிர்காப்புச் சட்டையை மட்டும் யாரும் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. படகில் ஏறும் ஆள் எத்தனையோ அத்தனை சட்டை வேண்டும். உங்கள் எடையைத் தாங்கும் என்று அதில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓராண்டு வெயிலில் கிடந்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஆழமில்லாத நீரில் மிதந்து பாருங்கள். முகம் மேலே நிற்கவில்லை என்றால் அதைத் தூக்கி எறிந்துவிடலாம்.

ஒரு கணக்கு

வழிக்காக ஒரு கணக்குப் போடுவோம். இவை சந்தை விலை அல்ல. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 50,000 ரூபாய்க்கு ஒரு சின்ன ஃபைபர் படகு, பத்தாண்டு ஆயுள் என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 5,000. பராமரிப்புக்குப் பத்தில் ஒரு பங்கு, இன்னொரு 5,000. வலை அறுந்துகொண்டே இருக்கும், அதற்கு 15,000. ஏரிக் குத்தகை 2 லட்சம். மீன் குஞ்சு 60,000. திருட்டு வலை விழாமல் இரவுக் காவலுக்கு மாதம் 8,000 வீதம் எட்டு மாதம், 64,000. ஆக மொத்தம் 3,49,000. இதில் படகுக்கென்று போவது 10,000. நூறு ரூபாயில் மூன்று ரூபாய்கூட இல்லை. படகு விலையில் ஆயிரம் ரூபாய் குறைக்க ஒரு மாதம் பேரம் பேசுகிறவர்கள், குத்தகை நிபந்தனையை ஒருமுறைகூடப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் எனக்குப் புரிவதில்லை.

பில் வாங்குங்கள்

படகை எங்கே வாங்கினாலும் பில் வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். மானியம், கடன், காப்பீடு, வழக்கு நான்குக்கும் முதலில் கேட்கப்படும் தாள் அதுதான்.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். மீன்பிடிப் படகுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். உல்லாசப் படகுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஒரே பட்டறையில் ஒரே அச்சில் வார்த்த படகாக இருக்கலாம். 'மீன்பிடிப் படகு' என்று பில் போடுகிறாரா, வெறுமனே 'ஃபைபர் படகு' என்று போட்டு அதிக வரி வாங்குகிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

வாங்கிய ஆறு மாதத்தில் அடி பிளந்துவிட்டது, பட்டறைக்காரர் கைவிரிக்கிறார் என்றால்? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் உண்டு. 'நீ வியாபாரத்துக்கு வாங்கினாய், நுகர்வோர் அல்ல' என்று எதிர்தரப்பு சொல்லும். அது செல்லாது. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்த மட்டுமே ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவரை வணிகர் என்று ஒதுக்கக்கூடாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. தானே வலை விடும் மீனவர் நுகர்வோர்தான். பத்துப் படகு வாங்கி வாடகைக்கு விடுகிறவருக்கு இது பொருந்தாது.

பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட வேண்டிய நிலை இருந்தது. இப்போது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். படகு சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ செய்ததாக இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் பதிவு அஞ்சலில் ஒரு நோட்டீஸ், கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார். பல தகராறுகள் இந்த இரண்டிலேயே முடிந்துவிடும். உடைந்த இடத்தைப் பழுது பார்ப்பதற்கு முன்பு படம் எடுத்து வையுங்கள். ஒட்டிய பிறகு எடுத்த படம் உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

ஆடியில் எடுத்து ஐப்பசி வரை காத்திருப்பது

இனி குத்தகை. ஊர் ஏரிகளின் மீன்பிடி உரிமை எல்லா இடத்திலும் ஒரே கையில் இல்லை. சில ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, சில நீர்வளத் துறையின் பொறுப்பு. அணைகளில் மீன்வளத் துறையின் கை ஓங்கியிருக்கும். ஏலம் விடுகிறவருக்கு அந்த ஏரியின் மீனை ஏலம் விடும் அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஊர்ப் பெரியவர்கள் கோவில் திண்ணையில் விடும் ஏலத்துக்கு ஊர்க் கட்டுப்பாடு இருக்கலாம், சட்ட பலம் இல்லை. பணம் கட்டியதற்கு அரசு ரசீது இல்லையென்றால் நாளைக்கு நீங்களே திருட்டு மீன் பிடித்தவர் ஆகிவிடுவீர்கள்.

குத்தகை பெரும்பாலும் பசலி ஆண்டுக் கணக்கில் வரும். ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். நம் வட மாவட்டங்களுக்கு ஏரி நிறைக்கும் மழை வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. ஆக, குத்தகை ஆண்டின் முதல் நாலு மாதம் பல ஏரிகளில் காய்ந்த தரைக்கே பணம் கட்டுகிறோம். நவம்பரில் குஞ்சு விட்டால் விற்கும் அளவுக்கு வளர மாதங்கள் வேண்டும். அதற்குள் மாசி, பங்குனியில் பாசனத்துக்கு மதகு திறப்பார்கள். உங்கள் மீனுக்காக நீரை நிறுத்திவைக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. குத்தகை மீனுக்குத்தான், நீருக்கு அல்ல. மதகை அடைப்பதும், கலங்கலில் மணல் மூட்டை அடுக்குவதும், கடைசி மீனுக்காக மோட்டார் வைத்து ஏரியை இறைப்பதும் குத்தகையை ரத்து செய்யப் போதுமான காரணங்கள். ஆயக்கட்டுக்காரர்களோடு சண்டை போட்டு ஏரியில் பிழைத்தவர் யாரையும் நான் கண்டதில்லை.

மழை பொய்த்து ஏரி நிறையவே இல்லை என்றால் கட்டிய பணம் தானாகத் திரும்பி வராது. நிபந்தனையில் தள்ளுபடிக்கு இடம் இருக்கிறதா என்று ஏலத்துக்கு முன்பே கேளுங்கள். இருந்தால், ஏரி வறண்ட நிலையைக் கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடும் படத்தோடும் அந்தப் பருவத்திலேயே மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஜூன் மாதம் போய் நின்றால் காரியம் ஆகாது.

உள்குத்தகைதான் இந்தப் பகுதியின் பெரிய பொறி. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலோ ஊரில் ஒரு செல்வாக்கான ஆளின் பெயரிலோ குத்தகை இருக்கும். அவர் கூடுதல் விலைக்கு வாய்வார்த்தையாக உங்களுக்கு விடுவார். பெரும்பாலான குத்தகை நிபந்தனைகள் உள்குத்தகையைத் தடை செய்கின்றன. அப்படி என்றால் மீன் செத்தாலும், திருடு போனாலும், வேறு ஆள் வந்து வலை போட்டாலும் புகார் கொடுக்கும் தகுதியே உங்களுக்கு இருக்காது; நஷ்டஈடு வந்தால் அது தாளில் பெயர் உள்ளவருக்குப் போகும். பங்கு போட்டு எடுப்பவர்களுக்கும் இதே கதி. நாலு பேர் பணம், ஒருவர் பெயர். முத்திரைத்தாளில் ஆளுக்கு எவ்வளவு போட்டோம், லாப நஷ்டம் எப்படி, படகும் வலையும் யாருடையது என்று எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு மாலை நேரம் போதும். நண்பர்களுக்குள் எதற்கு என்று வெட்கப்படாதீர்கள்.

டேனரித் தண்ணீரும் செத்த மீனும்

வேறு பல மாவட்டத்து மீனவருக்கு இல்லாத ஒரு கவலை நமக்கு உண்டு. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 முதல் 40 லிட்டர் வரை நீர் செலவாகிறது. தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, முடி நீக்கப் போடும் சுண்ணாம்பும் சல்ஃபைடும், பதனிடும் குரோமியம் எல்லாம் அந்த நீரோடு வெளியே வருகின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகு பழைய நிலை மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பல ஆண்டுகள் படிந்தது படிந்ததுதான். மழை நாளில் இருட்டோடு இருட்டாக ஓடையில் திறந்துவிடுவதாக வரும் புகார்களும் நின்றபாடில்லை. நகரங்களின் சாக்கடை தனி.

இதற்கு எதிராக இந்த மண்ணிலிருந்து போன வழக்குதான் இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கல். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்துகிறவரே இழப்பீடு தர வேண்டும், சீரமைக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. சட்டக் கல்லூரி மாணவர் எவரும் இந்த வழக்கைப் படிக்காமல் வெளியே வருவதில்லை. பின்னர் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7-இல் 29,193 குடும்பங்களுக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. விவசாய நிலம் கெட்டதை அளந்து போட்ட கணக்கு அது. கால் நூற்றாண்டு நெருங்கும் வேளையில், 2025 ஜனவரி 30-இல், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு மறுபடியும் தலையிட வேண்டி வந்தது. நிலுவை இழப்பீட்டை ஆறு வாரத்தில் கொடுத்து, அதை மாசுபடுத்தியவர்களிடம் அரசு வசூலிக்க வேண்டும், பாலாற்றைச் சீரமைக்க முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்பது உத்தரவு.

இந்த வரலாறு படகுக்காரருக்கு எதற்கு? ஏரியில் மீன் செத்து மிதந்தால் நீங்கள் சாய்ந்து நிற்கும் சுவர் இதுதான்.

ஏலத்துக்கு முன்பே நீரைச் சோதியுங்கள். மீன் வளத்துக்கு ஏற்ற நீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 'டி' பிரிவை வகுத்திருக்கிறது. அதன்படி கார அமிலத் தன்மை 6.5-லிருந்து 8.5-க்குள், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல், கட்டற்ற அம்மோனியா 1.2 மில்லிகிராமுக்கு மிகாமல் இருக்க வேண்டும். இவற்றோடு கரைந்த உப்பு, சல்ஃபைடு, குரோமியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஏரிக்கு வரும் கால்வாயிலோ ஆற்றிலோ தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த பழைய முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். மே மாதம் ஏலம் என்றால் மார்ச்சில் கேளுங்கள்.

மீன் செத்தால் எல்லாமே கழிவுநீரால் என்று பாய்ந்துவிடாதீர்கள். வழக்கு அங்கேயே பலவீனமாகும். விடியற்காலையில், மேகமூட்ட நாளுக்குப் பிறகு, பெரிய மீன்கள் முதலில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் சாகின்றன என்றால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு. பாசி மண்டிய ஏரியில் எந்த டேனரியும் இல்லாமலே இது நடக்கும். சின்னது பெரியது பேதமில்லாமல், எதற்கும் அசராத ஜிலேபி மீன் முதற்கொண்டு, பகல் வேளையிலும் சாகிறது, தவளையும் நத்தையும் சேர்ந்து சாகிறது என்றால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். சாக்கடை, சல்ஃபைடு கலந்த நீர் வந்தாலும் ஆக்சிஜன்தான் முதலில் போகும் என்பதால் இரண்டும் கலந்து வருவதும் உண்டு. முடிவு சொல்ல வேண்டியது ஆய்வகம்.

அன்றைக்கே செய்ய வேண்டியவை சில. நேரமும் இடமும் தெரியும்படி படமும் காணொளியும் எடுங்கள். கழிவு வரும் வாய்க்காலின் வாயையும் சேர்த்து. சுத்தமான புட்டிகளில் நீர் ததும்ப நிரப்பி மூடி, நிழலில் ஐஸ் வைத்துக் காப்பாற்றுங்கள்: வரத்து வாயில் ஒன்று, நடு ஏரியில் ஒன்று, மீன் சாகாத மூலை இருந்தால் அங்கே ஒன்று. உயிர் ஊசலாடும் மீனையும் அப்போதுதான் செத்த மீனையும் ஐஸில் வையுங்கள். ஊதிப்போன மீனை எந்த ஆய்வகமும் பார்க்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், மீன்வளத் துறை ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், காவல் நிலையம் ஆகிய நால்வருக்கும் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். செத்த மீனை எடை போட்டு, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் மகஜர் எழுதிய பிறகே புதையுங்கள். அவசரப்பட்டுப் புதைத்தவர்களிடம் கடைசியில் எடைக்குச் சாட்சி இருப்பதில்லை. சாகும் மீனைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் ஆசையை அடக்குங்கள்; அது குற்றம், உங்கள் வழக்கையும் அதுவே கொன்றுவிடும்.

உங்கள் புட்டி அதிகாரிகளை ஓடிவர வைக்கும். ஆனால் நீதிமன்றத்தில் கனம் உள்ளது வாரியம் எடுக்கும் மாதிரிக்குத்தான். 1974-இன் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் மாதிரி எடுப்பதற்கு முறை இருக்கிறது. ஆலைக்கு அறிவித்து, அவர்கள் முன்னிலையில் எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட வேண்டும். முறை தவறினால் முடிவு செல்லாமல் போகும். அதனால் அதிகாரி வரும்போது கூடவே நில்லுங்கள். டேனரிக் கழிவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை நினைவில் வையுங்கள். வாரியம் அசையவில்லை என்றால், அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே நேரடியாகக் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் செய்ய அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு இடம் தருகிறது.

இழப்பீடு கேட்கும் இடம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் சொத்து இழப்புக்கும் சுற்றுச்சூழல் சேதத்துக்கும் நிவாரணம் கேட்கலாம். சேதம் தொடங்கிய நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம். விபத்தால் நேர்ந்த சேதத்தில் ஆலைக்காரரின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பிழையில்லாப் பொறுப்பு என்று சட்டமே அதைச் சொல்கிறது. கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. இங்கேதான் குத்தகை ரசீது, குஞ்சு வாங்கிய பில், படகு பில், மகஜர் எல்லாம் பேசும்.

பகையில் மருந்து கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். நஞ்சு போட்டோ வெடி வைத்தோ மீன் கொல்வது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டப்படியே குற்றம். நூற்றாண்டுப் பழைய சட்டத்தின் தண்டனை அற்பம்தான். ஆனாலும் முதல் தகவல் அறிக்கை பதிவானால் அதன் நகல் இலவசமாக உங்கள் கைக்கு வரும். இழப்பீட்டுக்கும் தள்ளுபடிக்கும் அந்தத் தாள் உதவும்.

ஆளுக்கும் கடனுக்கும்

படகுக்குக் காப்பீடு தேடி அலைபவர்கள் தங்களுக்கு இருக்கும் காப்பீட்டை மறந்துவிடுகிறார்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் விபத்துக் காப்பீட்டில் உள்நாட்டு மீனவரும் சேர்த்தி. இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 வரை. சந்தாவை அரசே கட்டிவிடும். வயது 18-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். ஆனால் கூட்டுறவுச் சங்கத்திலோ துறையின் பட்டியலிலோ பெயர் இல்லாதவர் ஏரியில் மூழ்கினால் குடும்பம் வெறுங்கையோடு நிற்கும். உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் மீனவர் நல வாரியத்திலும் பெயரைப் பதிந்து, அட்டையைப் புதுப்பித்து வைப்பது படகு வாங்குவதற்கு முந்தைய வேலை. டேனரி வேலையை விட்டுப் புதிதாக இறங்குகிறவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். சங்க உறுப்பினர் ஒருவர் பேரில் ஏரியில் உழைத்துவிட்டு, தங்கள் பெயரை எங்கும் பதிவதில்லை.

கந்துவட்டிக்கு வாங்காதீர்கள். 2018-19 முதல் கிசான் கடன் அட்டை மீனவருக்கும் உண்டு. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் வட்டி மானியம் போக நாலு சதவீதத்தில் நிற்கும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையிலான வேளாண் கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக்கூடாது. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள், கேட்பதையும் நிறுத்திவிடுவார்கள். பரிசலுக்கும் வலைக்கும் மீன்வளத் துறையில் மானியத் திட்டங்கள் வந்துபோகும். மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்பது பொது விகிதம். மானிய உத்தரவு கைக்கு வருமுன் படகை வாங்கிவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் கிடைக்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று வழக்கை விட வேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், தொழிலாளர், குறைந்த வருமானக்காரர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். அழைக்க வேண்டிய எண் 15100.

கடைசியாக ஒரு வேண்டுகோள், ஏரியோர ஊராட்சிகளுக்கு. ஏல அறிவிப்பில் ஏரியின் பரப்பு, குத்தகைக் காலம், முன்பணம் எல்லாம் போடுகிறீர்கள். அந்த ஆண்டு எடுத்த நீர்ச் சோதனை முடிவையும் கூடவே போடுங்கள். மே 1-இல் கிராம சபை கூடும். அடுத்த பசலி ஏலத்துக்கு அது சரியான நேரம். நீர்ச் சோதனை முடிவு இல்லாமல் மீன் ஏலம் விடக்கூடாது என்று ஒரு வரித் தீர்மானம் போட அங்கே எழுந்து கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.